ஒரு நிமிடம் நகை போட்ட வளையங்கள்

மின்சாரம் பாய்ச்சிப் பீங்கான் சுடுகிற எங்கள் தொழிலில் சுடுவதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும். மீதி நேரமெல்லாம் யார் முன்னாலாவது அசடு வழிவதற்கு.

புதுசாக ஒரு தொழில் தொடங்கி, அது என்ன தொழில் என்று சொந்தக்காரர்களுக்கு விளக்கி விளக்கியே தொண்டை கட்டியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள். நீங்களும் சிரிப்பீர்கள், ஆனால் உங்களுக்கும் இப்படி ஏதாவது ஞாபகம் வந்து பாதியில் நிறுத்திவிடுவீர்கள்.

என் பெயர் எஸ்தர். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். கணவர் அங்கே கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. நான் இன்ஜினியரிங் காலேஜ் ஒன்றில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வேலையை விட்ட பிறகும் ஊருக்கு நான் டீச்சர்தான். என் அண்ணன் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வெட்டிச் சுருட்டுகிற யூனிட் வைத்திருக்கிறார். அந்த ஷெட்டில் பாதியைத் தகரம் வைத்துத் தடுத்து எனக்குக் கொடுத்தார். கிறிஸ்துமஸ் வரைக்கும் பார், அதற்குள் ஒரு மில்லாவது உன் சாமானை வாங்கினால் இடம் உனக்கு, இல்லையென்றால் தடுப்பைப் பிரித்துவிட்டு நான் இன்னொரு மிஷின் போட்டுக்கொள்கிறேன் என்றார். கறாராகத்தான் பேசினார், ஆனால் அதில் அநியாயம் ஒன்றுமில்லை. அன்றிலிருந்து நான் பட்ட வெட்கமெல்லாம் அந்தப் பாதி ஷெட்டுக்காக.

சாமான் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நூற்பு மில்லில் நூல் ஓடுகிற பாதையில் கண் மாதிரி ஒரு சின்னப் பீங்கான் வளையம் இருக்கும். மில்லில் அதைக் கைடு என்பார்கள். நூல் ஓயாமல் உரசுவதால் சாதாரண வளையத்தில் நாளடைவில் தடம் விழுந்துவிடும். தடம் விழுந்தால் நூல் அறும். சிர்கோனியா என்று ஒரு வெள்ளைப் பொடி உண்டு. அதை அழுத்தி வளையமாக்கிச் சுட்டால் லேசில் தேயாது. வழக்கமாக அதைக் கடுஞ்சூட்டில் நாள் முழுக்க உலையில் வைத்துச் சுடுவார்கள். நான் படித்தது வேறு வழி. உலை அவ்வளவு சூடாக வேண்டியதில்லை. வளையத்தின் இரண்டு பக்கமும் கம்பி கட்டி மின்சாரத்தைக் கொடுத்தால், ஒரு கட்டத்தில் வளையம் தானே பளீரென்று ஒளிவிட்டு, சுருங்கி, இறுகிவிடும். நாம் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்ப்பதற்குள் முடிந்திருக்கும். அந்த இரண்டு கம்பிக்கும் எலக்ட்ரோடு என்று பெயர். என் மானம் போனதெல்லாம் அந்தக் கம்பி வழியாகத்தான்.

எந்த ஊர் நிமிடம்

ஷெட் திறப்பன்று ஜெபம் முடிந்ததும் எல்லோருக்கும் சுட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. சித்திமார், அத்தைமார், அண்ணன் யூனிட்டில் வேலை செய்கிற பெண்கள், எங்கள் சபை ஆட்கள் என்று நல்ல கூட்டம். அண்ணனுக்குத் தெரிந்த ஒரு மில்லின் ஸ்பின்னிங் மாஸ்டரும் வந்திருந்தார். அந்த மில்லில் நூற்பு முழுக்க அவர் பொறுப்பு. அவர் தலையசைத்தால்தான் ஒரு கைடு மிஷினில் ஏறும். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒரே நிமிடத்தில் சுட்டுத் தருகிறேன், எல்லோரும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அறிவித்துவிட்டேன்.

சுடுவதற்கு ஒரு நிமிடம் என்பது சத்தியமான வார்த்தை. அதற்கு முன்னால் வளையத்தில் கம்பி கட்ட வேண்டும், கம்பியும் வளையமும் சேருகிற இடத்தில் பிளாட்டினம் பசை தடவ வேண்டும், பசை நிதானமாகக் காய வேண்டும், உலையும் நிதானமாகச் சூடேற வேண்டும். இதையெல்லாம் நான் சொல்லவில்லை. கூட்டம் உட்கார்ந்தது. டீ வந்தது. வடை வந்தது. மறுபடி டீ வந்தது. சித்திமார் சங்கரன்கோவில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஒவ்வொருவராக எழுந்து என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணிவிட்டுப் போனார்கள். நானோ பசை காயட்டும் என்று பொறுக்காமல் சூட்டைக் கூட்டிவிட்டேன்.

கடைசியில் அந்த வெளிச்சம் வந்தபோது ஸ்பின்னிங் மாஸ்டர் செல்போனில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டு முகத்தைத் திருப்பியிருந்தார். அவர் பார்க்கவே இல்லை. போனால் போகிறது, வளையத்தையாவது காட்டுவோம் என்று ஆறவைத்து எடுத்தேன். அவசரத்தில் காய்ந்த பசை ஒரு பக்கம் பெயர்ந்து, மின்சாரமெல்லாம் மறுபக்கமாகவே ஓடியிருக்கிறது. வளையத்தில் பாதி வெந்து இறுகியிருந்தது; பாதி பச்சை மாவாக அவர் கையிலேயே உதிர்ந்தது. அவர் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, வாசலில் கிடந்த செருப்பை மாட்டியபடி கேட்டார்: "டீச்சர், நீங்க சொன்ன அந்த ஒரு நிமிஷம் எந்த ஊரு நிமிஷம்?"

கழுத்தில் ஒன்றுமில்லாத வாடிக்கையாளர்

பிளாட்டினம்தான் இந்த வேலைக்கு ஏற்ற கம்பி. சூட்டில் உருகாது, துருப்பிடிக்காது, பீங்கானோடு வம்புக்குப் போகாது. பழைய காலேஜ் நண்பர்கள் கொடுத்த கம்பி தீர்ந்துவிட்டது. வேறு எங்கே கிடைக்கும்? நகைக்கடையில்தான் கேட்டுப் பார்க்க வேண்டும். அங்கேதான் சிக்கல். எங்கள் சபையில் பெண்கள் நகை போடுவதில்லை. கம்மல் இல்லை, வளையல் இல்லை, தாலியும் இல்லை. கல்யாணத்துக்கே நாங்கள் பைபிளைத்தான் மாற்றிக்கொண்டோம். ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இத்தனை வருஷம் இருந்தும் நான் ஒரு நகைக்கடைப் படியேறியதில்லை.

உச்சி வெயிலில் தெருவில் ஆள் குறைவாக இருக்கும் என்று கணக்குப் போட்டு, முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு போனேன். வெயிலுக்கு மூடியதாக நினைத்துக்கொள்வார்கள் என்று என் எண்ணம். கண்ணாடிக் கதவைத் தள்ளும்போதே எதிர்ப்பக்கம் குடை பிடித்துப் போன எங்கள் சபை அம்மா ஒருத்தர் நின்று, திரும்பிப் பார்த்து, குடையைத் தாழ்த்திக்கொண்டு நடந்தார். அப்போதே எனக்குக் காது சுட்டது.

கடைக்காரர் நல்ல மனிதர். என் வெறும் கழுத்தையும் வெறும் காதையும் பார்த்ததும் இன்று பெரிய வியாபாரம் என்று முடிவு கட்டிவிட்டார். பிளாட்டினம் என்றதும் தட்டுத் தட்டாக மோதிரம் வந்தது. எனக்கு மோதிரம் வேண்டாம், முடி மாதிரி மெல்லிய கம்பிதான் வேண்டும் என்றேன். எதற்கு என்றார். பீங்கான் வளையத்தில் சுற்றி நெருப்பில் போடுவதற்கு என்று உண்மையைச் சொன்னேன். அவர் தட்டையெல்லாம் மெதுவாக உள்ளே எடுத்து வைத்தார். எனக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். காற்றாடியை என் பக்கம் திருப்பிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எம்மா, எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கிடலாம். வீட்டுல சொல்லிட்டுத்தான வந்திருக்கீக?"

முழங்காலில் இருவர்

விஷயத்தை விளக்கிச் சொன்னதும் அவரே மதுரையிலிருந்து கம்பி வரவழைத்துக் கொடுத்தார். ஆனால் அதற்குள் குடை வேலை பார்த்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முழுக்க ஆபரணங்களைப் பற்றி. பாஸ்டர் என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. சபையே திரும்பியது. நான் பைபிளைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரே வசனத்தை ஆராதனை முடியும்வரை படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் பாஸ்டர் ஷெட்டுக்கு வந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் வெட்டிய பிளாட்டினம் துண்டு ஒன்று கைதவறித் தெறித்துவிட்டது. கண்ணுக்கே தெரியாத துண்டு. ஆனால் விலையை நினைத்தால் விட மனசு வராது. நான் தரையில் முழங்கால் போட்டு, தலையைக் குனிந்து, மூச்சை அடக்கித் தேடிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று பார்த்த பாஸ்டருக்கு மனம் உருகிவிட்டது. வந்து எனக்குப் பக்கத்தில் முழங்காலிட்டுக் கண்ணை மூடி, இந்த மகளை உலக ஆசையிலிருந்து விடுவியும் என்று உரக்க ஜெபிக்கத் தொடங்கினார். எழுந்திருக்கவும் முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை. சத்தம் கேட்டு அண்ணன் யூனிட் பெண்கள் அத்தனை பேரும் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். துண்டு அவருடைய முழங்காலுக்கு அடியில் மினுங்கியது. ஜெபத்துக்கு நடுவே அதை எடுப்பதா வேண்டாமா என்று நான் யோசித்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

ஆமென் சொன்ன பிறகு, இது நகைக்கு இல்லை, மின்சாரம் போகிற கம்பி என்று எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கம்பியைத் தொட்டுப் பார்த்தார். மேஜைமேல் தட்டு நிறைய அடுக்கி வைத்திருந்த வெள்ளை வளையங்களையும், ஒவ்வொன்றிலும் பளபளவென்று சுற்றியிருந்த பிளாட்டினத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார். கடைசியில் வருத்தத்தோடு சொன்னார்: "கம்பின்னுதான் சொல்லுதீங்க, சகோதரி. தட்டுல பாத்தா அம்புட்டும் மோதிரமாத்தான் இருக்கு."

வெள்ளி

இனி பிளாட்டினமே வேண்டாம் என்று ரோஷம் வந்தது. ரோஷத்தில் எடுத்த முடிவு எதுதான் உருப்பட்டிருக்கிறது? முதலில் அண்ணனிடம் வேறு எலக்ட்ரோடு வேண்டும் என்றேன். அவர் பாசத்தோடு ஒரு கட்டு வெல்டிங் ராடு வாங்கி வந்தார். அவர் உலகத்தில் எலக்ட்ரோடு என்றால் அதுதான். அதைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் மூலையில் வைத்தேன், இன்னும் அங்கேதான் இருக்கிறது. பிறகு எவர்சில்வர் கம்பி போட்டுப் பார்த்தேன். அது சூட்டில் செதில் செதிலாக உரிந்து, வளையத்தில் பழுப்புக் கறை வைத்தது. கடைசியில் வெள்ளிப் பசை. விலை குறைவு, மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், சபையிலும் கேள்வி இருக்காது.

வெள்ளி உருகுகிற சூட்டுக்குக் கீழேதான் உலையை வைத்திருந்தேன். ஆனால் வளையம் ஒளிவிடுகிற அந்த நேரத்தில் அதன் சூடு உலையின் சூட்டைத் தாண்டி எங்கோ போய்விடும். இதை வருஷக்கணக்காகப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். வெள்ளி உருகிச் சொட்டி வழிந்து, தொடக் கூடாத இரும்பைத் தொட்டது. டப்பென்று ஒரு சத்தம், ஷெட் முழுக்க மின்சாரம் நின்றுவிட்டது. தடுப்புக்கு அந்தப் பக்கம் சுருட்டுகிற மிஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. பாதி சுருட்டிய பேண்டேஜோடு பெண்கள் என் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அண்ணன் அந்த நேரத்தில்தான் மதுரைக்காரர் ஒருவரிடம், இன்று சாயங்காலம் லோடு ஏறிவிடும் என்று போனில் உறுதி சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அண்ணன் உள்ளே வந்தார். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். உலைக்குள் குனிந்து, அடியில் மணி மாதிரி உருண்டு கிடந்த வெள்ளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, சின்ன வயதில் அவருடைய சைக்கிளை நான் வாய்க்காலில் விட்டபோது பேசிய அதே குரலில் சொன்னார்: "ஏட்டி எஸ்தரு, கரண்டு எங்களுக்கும் செத்த நேரம் வேணும்லா."

பால்கோவா டப்பா

மானத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பிளாட்டினத்துக்கே திரும்பினேன். இந்த முறை பசையைக் காயவிட்டேன், வளையங்கள் முழுசாக வெந்தன. ஒரே ஒரு குறை. மின்சாரத்தை ஒரே திசையில் கொடுத்தால், மைனஸ் கம்பி கட்டிய பக்கத்தில் பீங்கானிலிருந்து ஆக்சிஜன் கொஞ்சம் வெளியேறி, அந்த இடம் கறுத்துப்போகும். வெள்ளை வளையத்தில் ஒரு பக்கம் மட்டும் கறுப்பு. உறுதியில் பெரிய குறை இருக்காது, வளையம் எவ்வளவு நாள் உழைக்கும் என்றுதானே மாஸ்டர் பார்ப்பார், நிறத்தையா பார்ப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வளையங்களைப் பத்திரமாகக் கொண்டுபோக வீட்டில் கிடந்த காலி பால்கோவா டப்பாதான் தோதாக இருந்தது. உள்ளே எண்ணெய்க் காகிதம் வேறு இருந்தது, ஒன்றோடொன்று இடிக்காது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி பால்கோவா டப்பாவோடு ராஜபாளையம் மில் ஆபீஸுக்குள் நுழைந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. டைம் ஆபீஸில் இருந்தவர் எழுந்து வழிவிட்டார். கணக்குப் பிரிவிலிருந்து இரண்டு பேர் சும்மா வருவதுபோல வந்தார்கள். ஒருவர் கையைக் கழுவிவிட்டே வந்தார். மாஸ்டர் சிரித்த முகமாக, எதுக்கு டீச்சர் இதெல்லாம் என்று சொல்லிக்கொண்டே டப்பாவைத் திறந்தார்.

கையைக் கழுவி வந்தவர் ஈரக் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு அப்படியே திரும்பிப் போனார். அந்த முதுகை நான் இன்னும் மறக்கவில்லை. மாஸ்டர் ஒரு வளையத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெள்ளை வெளேரென்று வளையம், ஓரத்தில் ஒரு கறுப்பு. அடுத்ததை எடுத்தார், அதிலும் அதே இடத்தில் கறுப்பு. எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டுச் சொன்னார்: "சாமான் நல்லாத்தான் இருக்கு டீச்சர். திருஷ்டிப் பொட்டையும் நீங்களே வச்சுக் கொண்டாந்துட்டீக."

நடை

கறுப்புக்கு மருந்து உண்டு. மின்சாரத்தின் திசையை மாற்றி மாற்றிக் கொடுத்தால் அவ்வளவாகக் கறுக்காது. கறுத்ததையும் திரும்பக் காற்றோட்டமான உலையில் சூடாக்கினால் வெளுத்துவிடும். அப்படியே செய்து, பால் மாதிரி வெள்ளையாக ஒரு தொகுதி கொண்டுபோனேன். மாஸ்டர் சரி என்றார். இரண்டு நூலைச் சேர்த்து முறுக்குகிற ஒரு மிஷினில் என் வளையங்களை மாட்டினார்கள். கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டத் தொடங்கியிருந்த சமயம் அது. அண்ணன் தடுப்பின் நீளத்தை ஏற்கெனவே அளந்து வைத்திருந்தார். அந்த மிஷினைப் பார்த்துக்கொள்பவர் செல்வி. என் வயதுதான் இருக்கும். பஞ்சு படியாமலிருக்கத் தலையில் துணி கட்டியிருந்தும் புருவமெல்லாம் வெள்ளையாக இருந்தது.

மிஷின் ஓடத் தொடங்கியதும் ஒரு நூல் அறுந்தது. செல்வி நடந்து போய் முடிச்சுப் போட்டார். மறு கோடியில் ஒன்று அறுந்தது. அங்கே நடந்தார். நடுவில் ஒன்று, பிறகு மறுபடி இந்தக் கோடியில். எனக்கு உடனே புரிந்துவிட்டது. கட்ட வசதியாக இருக்கிறதென்று கம்பியை வளையத்தின் துளை வழியாகவே சுற்றியிருந்தேன். கம்பி பீங்கானில் அழுந்திய இடத்தில், விரலுக்குத் தட்டுப்படாத அளவுக்கு ஒரு வடு. என் விரலுக்குத் தெரியாத வடு ஓடுகிற நூலுக்குத் தெரிந்தது. செல்வி வருகிற பாதையில் நிற்கிறேனே என்று இந்தப் பக்கம் ஒதுங்கினேன்; திரும்பி வரும்போது அந்தப் பக்கமும் குறுக்கேதான் நின்றேன். நானும் முடிச்சுப் போடுகிறேன் என்று ஒரு நூலைப் பிடித்தேன், அது என் கையிலும் அறுந்தது. மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார், நிறுத்தச் சொல்லவில்லை. சோதனை என்றால் ஷிப்டு முடியும்வரை ஓட வேண்டுமாம்.

எனக்கு அழுகை வந்தது. வாயைத் திறந்தால் பஞ்சு போகும் என்று அதையும் அடக்கிக்கொண்டேன். செல்வி ஒரு தடவை என்னைக் கடக்கும்போது நின்று, பாட்டிலை எடுத்து அண்ணாந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார். கோபமெல்லாம் இல்லை. மூடியைத் திருகிக்கொண்டே, சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த நூலுக்குப் போனார்: "நீங்க படிச்ச படிப்புக்கு நான்லா நடக்கேன், டீச்சர்."

காது

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். நின்றுகொண்டே வந்தேன். முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவின் காதில் பெரிய கம்மல். எனக்கு இல்லாததால் எனக்கு எப்போதும் மற்றவர்கள் காதைப் பார்க்கிற பழக்கம் உண்டு, இதையும் பாஸ்டர் படித்தால் படிக்கட்டும். கம்மல் எவ்வளவு கனமாக இருந்தாலும் அது தொங்குவது காதின் நுனியில்தான். அதனால் கேட்பதற்கு ஒரு இடைஞ்சலும் இல்லை. நூல் ஓடுகிற இடத்தில் நான் ஏன் கம்பியைக் கட்ட வேண்டும்? வளையத்துக்கு வெளியே இரண்டு காது வைத்து, அதில் கட்டிவிட்டு, சுட்ட பிறகு காதைத் தேய்த்து எடுத்துவிட்டால் போயிற்று. என் ஸ்டாப்பில் இறங்க மறந்து பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டேன்.

புது அச்சு செய்து முதல் தடவை சுட்ட அன்று பாஸ்டர் வந்திருந்தார். என் ஆத்துமாவை அவர் அவ்வளவு சுலபமாகக் கைவிடுவதாக இல்லை. கறுப்புக் கண்ணாடி வழியாக உள்ளே பார்க்கச் சொன்னேன். இரண்டு காதிலும் பிளாட்டினத்தோடு வளையம் இருட்டில் தொங்கியது; பளீரென்று ஒளிவிட்டது; சுருங்கியது; அணைந்தது. இந்த முறை அவர் கண்ணை மூடவில்லை. ஆறியதும் நான் கம்பியைக் கழற்றி டப்பாவில் போட்டேன். காதுகளை வைரக்கல் சக்கரத்தில் தேய்த்து எடுத்தேன். மொழுமொழுவென்று வெறும் வளையத்தை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் பல வாரமாக இருந்த கவலை போய்விட்டது.

"போட்டதும் ஒரு நிமிஷந்தான், பொறவு கழட்டியாச்சு. இதுல நான் சொல்லுறதுக்கு ஒண்ணுமில்ல, சகோதரி."

ஷிப்டு விடுகிற நேரம்

காது வைத்துச் சுட்ட வளையங்கள் மில்லில் ஏறின. அன்று நானும் போய் நின்றேன். செல்வி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தே இருந்தார். எப்போதாவது ஒரு தடவை எழுந்தார். மாஸ்டர் கைக்கட்டைப் பிரித்து, தலையை அசைத்தார். அந்த வரிசையிலிருந்த எல்லா மிஷினுக்கும் ஆர்டர் வந்தது. அண்ணன் புது மிஷின்காரருக்குப் போன் போட்டு இப்போதைக்கு வேண்டாம் என்று சொன்னதைத் தடுப்புக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டேன். கிறிஸ்துமஸ் ஆராதனையில் என்னைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். நான் பட்ட பாட்டையெல்லாம் சொன்னேன். குடை பிடித்த அம்மாதான் எல்லோருக்கும் முன்னால் அல்லேலூயா சொன்னார்.

பண்டிகையெல்லாம் முடிந்த பிறகு அடுத்த தொகுதி வளையங்களோடு மில்லுக்குப் போனேன். கூடவே இன்னொரு டப்பா. இதில் நிஜமான பால்கோவா, செல்விக்காக. கை கழுவி வந்தவருக்கும் கொஞ்சம் கொடுத்தேன். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது வேறு. என் வளையங்களைப் பற்றிச் செல்வி வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்க வேண்டும். வெட்கத்தைத் தவிர வேறு எதுவும் சம்பாதிக்காத ஒரு வருஷத்துக்கு அது ஒரு கூலி மாதிரி இருக்கும் என்று நினைத்தேன்.

செல்வி மிஷினுக்குப் பக்கத்தில் இல்லை. ஸ்டூலையும் காணோம். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்து மிஷினின் மறு கோடியிலிருந்து நடந்து வந்தார், நெற்றியெல்லாம் வேர்வை. நூல் அறுகிறதா என்று கேட்டேன். முன்னே மாதிரி இல்லை, ரொம்பக் குறைவு என்றார். குறைந்துவிட்டதால் பக்கத்து மிஷினையும் அவரையே பார்க்கச் சொல்லிவிட்டார்களாம். அந்த மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணை ராத்திரி ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்களாம். கைக்குழந்தைக்காரி, எப்படிச் சமாளிக்கிறாளோ என்று சொல்லிக்கொண்டே என் கையிலிருந்த டப்பாவை வாங்கி, பிரித்துப் பார்த்து, நிஜமாகவே சந்தோஷப்பட்டார். என்னைக் குறை சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அவரிடம் துளியும் இல்லை. இருந்திருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். மிஷினுக்கு மிஷின் என் வளையங்கள் ஒரு வடு இல்லாமல் வெள்ளையாக இருந்தன. அந்தக் கோடியில் ஒரு நூல் அறுந்தது. செல்வி டப்பாவை மூடிச் சாப்பாட்டுப் பையில் வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே கிளம்பினார்: "முந்தி ஒங்க கைடு சரியில்லன்னு நடந்தேன். இப்ப சரியா இருக்குன்னு நடக்கேன், டீச்சர்."

பீங்கானைச் சுட எனக்கு இன்றைக்கும் ஒரு நிமிடம் போதும். மில் ஷிப்டு விடுகிற நேரத்தில் செல்வி கண்ணில் படாமல் சந்து சந்தாகச் சுற்றி பஸ் ஸ்டாண்டு போய்ச் சேரத்தான் அரை மணி நேரம் ஆகிறது.